சேம அச்சும் ஸ்டெப்னியும்

உதிரிப் பாகம் பற்றித் தமிழில் உள்ள பழைய குறிப்பு எது என்று கேட்டால், நமக்கு உடனே நினைவுக்கு வருவது புறநானூற்றின் 102-ஆம் பாடல். அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது அது. உப்பு வணிகராகிய உமணர் வண்டியில் பாரம் ஏற்றிப் புறப்படுகிறார்கள். எருதுகள் இளையவை, நுகம் பழகாதவை. பண்டமோ மிகுதி. வழி பள்ளத்தில் இறங்கும், மேட்டில் ஏறும். எங்கே என்ன நேரும் என்று யார் அறிவார்? ஆகவே வண்டியின் அடிமரத்தில் இன்னோர் அச்சையும் கட்டிக்கொண்டு போகிறார்கள். அதற்குப் பெயர் சேம அச்சு. பொகுட்டெழினி அத்தகைய சேம அச்சைப் போன்றவன் என்பது ஔவையின் பாராட்டு.

உவமையின் அழகைப் பலர் பேசியிருக்கிறார்கள். நாம் இங்கே கவனிக்க விரும்புவது வேறொன்றை. மாற்றத் தெரியாதவன் மாற்று அச்சைச் சுமப்பதில்லை. உமணன் அச்சைச் செய்தவன் அல்லன். அது தச்சனின் தொழில். ஆனால் ஊரும் உலையும் இல்லாத வழியில் முறிந்த அச்சைக் கழற்றி, புதியதைப் பூட்டி, மீண்டும் வண்டியை நகர்த்த அவனுக்குத் தெரிந்திருந்தது. செய்வது ஒருவன், பேணுவது இன்னொருவன். பேணுபவனே ஓட்டுபவன், அவனே உடையவன். இந்த ஏற்பாடு எப்போது, எப்படிக் குலைந்தது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

அதியமான்களின் தகடூர் இன்றைய தர்மபுரி என்பது ஆய்வாளர் பெரும்பாலோர் கொண்ட முடிவு. 2004-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் வரை கிருஷ்ணகிரி, ஓசூர், பர்கூர் ஆகிய ஊர்கள் அனைத்தும் தர்மபுரி மாவட்டத்திற்குள்தான் இருந்தன. சேம அச்சு பாடப்பட்ட அதே நாட்டில், பர்கூரில்தான், இக்கேள்வி நமக்கு வந்து சேர்ந்தது.

பர்கூர்ச் சாலையில்

பர்கூர் என்றதும் சிலருக்கு ஈரோடு மாவட்டத்து மலையும் அம்மலையின் பெயர் பெற்ற மாட்டினமும் நினைவுக்கு வரலாம். நாம் சொல்வது அந்தப் பர்கூர் அன்று. கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், சென்னை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிய பர்கூர். வரிசை வரிசையாகத் துணிக்கடைகள் நிறைந்த பர்கூர். கருங்கல் வெட்டும் குவாரிகளும் சிப்காட் வளாகமும் 1994-இல் தொடங்கிய அரசினர் பொறியியல் கல்லூரியும் உள்ள ஊர். ஆந்திர எல்லை கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். கர்நாடக எல்லையும் வெகு தொலைவில் இல்லை. இங்குள்ள பட்டறைக்காரர் ஒருவர் தமிழில் பேரம் பேசி, தெலுங்கில் நலம் விசாரித்து, கன்னடத்தில் ஓட்டுநரை அதட்டி, உருதுவில் பையனிடம் ஸ்பேனர் கேட்பதைக் காணலாம். வண்டிகளின் எண் பலகையில் மூன்று மாநிலங்கள் ஒரே நிழலில் நிற்கும்.

சில ஆண்டுகளுக்கு முன், சித்திரை மாதத்து நண்பகல் ஒன்றில், நண்பர்கள் நால்வராகச் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தோம். பர்கூரைத் தாண்டுமுன் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. பானட்டின் இடுக்கிலிருந்து ஆவி எழுந்தது. வண்டியை ஓரங்கட்டினோம். புதிய வண்டி அன்று; ஆனால் பழையதும் அன்று. ஒவ்வோர் ஆண்டும் ஆயுத பூசைக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சாத்தி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கியிருக்கிறோம். பானட்டை மட்டும் திறந்து பார்த்ததில்லை.

சாலையோரப் பட்டறையிலிருந்து முதியவர் ஒருவர் வந்தார். ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போன நம் நண்பரின் கையைப் பிடித்து நிறுத்தினார். கொதிக்கும் நீர் அழுத்தத்தில் இருக்கும்போது மூடியைத் திறந்தால் முகம் வெந்துவிடும் என்பது நம்மில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. அரை மணி நேரம் ஆற விட்டபின் விளக்குப் பிடித்துக் காட்டினார். ரப்பர்க் குழாய் ஒன்று காய்ந்து வெடித்துப் பல நாட்களாகச் சொட்டிக்கொண்டு இருந்திருக்கிறது. கூலண்ட் கலம் அடிவரை வறண்டிருந்தது.

“கடைசியா எப்ப சார் பானட்டத் தொறந்து பாத்தீங்க?” என்றார்.

நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சர்வீஸ் விட்டு எட்டு மாதம் ஆகிறது என்று ஒருவர் இழுத்தார்.

“அது அவங்க பாத்தது. நீங்க எப்பப் பாத்தீங்கன்னு கேட்டேன்.”

பிழை முழுவதும் நம்முடையது. அவர் குழாயை மாற்றி, நீர் ஊற்றி, வாங்கிய தொகை மிகச் சிறியது. அந்தக் கேள்விதான் பெரியது.

கார் பிறந்தபோதே பழுதும் பிறந்தது

உலகில் முதன்முதலாக நெடுந்தூரம் கார் ஓட்டியவர் ஒரு பெண். 1888-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸுக்குச் சொல்லாமல், இரு மகன்களோடு ஜெர்மனியின் மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ஸ்ஹைம் சென்றார். நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி. எரிபொருள் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார். மின்கம்பியின் உறை தேய்ந்தபோது காலுறைப் பட்டியைச் சுற்றினார். பிரேக் கட்டை தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரிடம் தோல் வாங்கி அடிக்கச் செய்தார். எரிபொருள் வாங்கியது ஒரு மருந்துக் கடையில். காரின் வரலாற்றில் முதல் பயணமும் முதல் வழியோரப் பழுதுபார்ப்பும் ஒரே நாளின் நிகழ்ச்சிகள்.

ஸ்டெப்னி என்று நாம் சொல்லும் சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. தொடக்க காலக் கார்களில் மாற்றுச் சக்கரம் கிடையாது. டயர் வெடித்தால் வழியிலேயே கழற்றி ஒட்ட வேண்டும். 1904-ஐ ஒட்டி, வேல்ஸ் நாட்டின் லனெத்லி என்னும் ஊரில், ஸ்டெப்னி தெருவில் கடை வைத்திருந்த டேவிஸ் சகோதரர்கள், பழுதான சக்கரத்தோடு இணைத்துப் பூட்டும் ஒரு மாற்று வளையத்தைச் செய்து விற்றார்கள். தெருவின் பெயர் பொருளின் பெயராயிற்று. இங்கிலாந்தில் அச்சொல் பெரும்பாலும் மறைந்துவிட்டது. நம் பஞ்சர் கடைகளில் இன்றும் வாழ்கிறது. உமணரின் சேம அச்சுக்குப் பின் நம் வண்டிகளில் கட்டித் தொங்கவிடப்பட்ட இரண்டாவது சேமப் பொருள் அது.

சென்னையில் சிம்சன் நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903-இல் நீராவிக் கார் ஒன்றைச் செய்து ஓட்டினார். ஆயினும் அக்காலத்தில் கார் வைத்திருந்தோர் அதிகாரிகள், பெருவணிகர்கள், ஜமீன்தார்கள். அவர்கள் கையில் கிரீஸ் படிந்ததில்லை. ஓட்டுநரைக் குறிக்கும் ‘ஷோஃபர்’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குச் சூடேற்றுபவர் என்பதே பொருள். நீராவி இயந்திரத்தின் அடுப்பை மூட்டுபவர். வண்டியை மூட்டுவதும் துடைப்பதும் பழுது பார்ப்பதும் அவர் கடமை. உடையவர் பின்னிருக்கையில் அமர்வார்.

இங்கேதான் நம் வரலாறு மேற்கத்திய வரலாற்றிலிருந்து பிரிகிறது. அமெரிக்காவில் ஃபோர்டின் ‘மாடல் டி’ 1908-இல் வந்தபின், விவசாயி தன் காரைத் தானே பிரித்து மாட்டினான். அங்கே பொருளின் விலையைவிடக் கூலி மிகுதி. பிற்காலத்து இங்கிலாந்தில், ஒரு காரை முழுவதும் பிரித்து, திரும்பப் பூட்டி, ஒவ்வொரு படியையும் படம் எடுத்து விளக்கும் ஹெய்ன்ஸ் கையேடுகள் 1966 முதல் வெளிவந்து வீட்டுக்கு வீடு இடம்பிடித்தன. நம் நாட்டிலோ பொருளுக்கு விலை மிகுதி, கூலி குறைவு. கார் வாங்கக் கூடியவருக்கு ஓட்டுநரையும் கிளீனரையும் வைத்துக்கொள்வது எளிது. ‘நாமே செய்துகொள்வதா, பட்டறையில் விடுவதா’ என்ற கேள்வி மேற்கில் பணக் கணக்கு. இங்கே அது பெரும்பாலும் மதிப்புக் கணக்காகவே இருந்தது. கை அழுக்காகும் வேலை தன் நிலைக்குக் குறைவு என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. தச்சனையும் கொல்லனையும் சமூகம் எங்கே நிறுத்தியதோ அங்கேதான் மெக்கானிக்கையும் நிறுத்தியது.

பிரித்துப் பார்த்தவர்கள்

இவ்வழக்கத்தை மீறியவர்களும் இருந்தார்கள். அவர்களுள் தலையாயவர் ஜி.டி. நாயுடு. 1893-இல் கோவைக்கு அருகே கலங்கலில் பிறந்தவர். இளமையில் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்தார். அதை வாங்குவதற்காகவே கோவையில் உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் வேலை செய்து பணம் சேர்த்தார் என்பது அவர் வரலாற்றில் அனைவரும் அறிந்த செய்தி. வாங்கிய வண்டியைப் பிரித்துப் பூட்டியே பொறியியலைக் கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தைத் தாமே ஓட்டித் தொழில் தொடங்கினார். அது பின்னாளில் யு.எம்.எஸ். என்னும் பெரும் நிறுவனமாக வளர்ந்தது. 1945-இல் அவர் முயற்சியால் தோன்றிய தொழிற்கல்வி நிலையத்தின் வழியில்தான் இன்றைய கோவை அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. உடையவனும் ஓட்டுபவனும் பழுது பார்ப்பவனும் மீண்டும் ஓராளாக ஆன அரிய நிகழ்ச்சி அவர்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் பஞ்சம் வந்தபோது, மதுரையின் டி.வி. சுந்தரம் ஐயங்கார் நிறுவனம் கரி வாயுவில் பேருந்தை ஓட்டும் கலத்தைச் செய்து பரப்பியது. வண்டியின் பின்புறம் ஓர் அடுப்பு, அதில் மரக்கரி. சாம்பலைத் தட்டுவதும் கரியைக் கொட்டுவதும் வாயுவை வடிகட்டுவதும் வண்டியோடு போகிறவர்களின் அன்றாட வேலை. பட்டறையை நம்பி அத்தகைய வண்டியை ஓட்டியிருக்க முடியாது.

பின்னர் வந்தது உரிமக் காலம். அம்பாசடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று விரல் விட்டு எண்ணக்கூடிய கார்கள். ஹெரால்டு நம் மண்ணின் வண்டி. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் அதை வெளியிட்டது. அதன் முன்புறம் முழுவதும், பக்கத் தகடுகளோடு சேர்த்து, முன்னோக்கித் திறந்துகொள்ளும். முன்சக்கரத்தின் மேல் அமர்ந்தபடி இயந்திரத்தின் எந்தப் பகுதியையும் தொடலாம். ‘என்னைப் பார், தொடு, திருத்து’ என்று அழைப்பதற்கென்றே அமைந்தது போல் இருக்கும்.

அக்காலக் கார்களுக்கு அவ்வளவு கவனிப்பும் தேவைப்பட்டது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் என்னும் சிறு தொடுமுனை. அதன் இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. தேய்ந்தால் வண்டி இழுக்காது. உப்புத்தாளால் தேய்த்து, இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். பிளக்கைக் கழற்றிக் கரியைச் சுரண்ட வேண்டும். கார்புரேட்டரின் ஜெட்டை வாயால் ஊதித் தூசி போக்க வேண்டும். டேப்பெட் சத்தமிட்டால் சரிபார்க்க வேண்டும். அச்சுமுனைகளில் உள்ள நிப்பிள்களுக்குக் கிரீஸ் துப்பாக்கியால் கிரீஸ் ஏற்ற வேண்டும். பேட்டரிக்கு வடிநீர் ஊற்ற வேண்டும். காலையில் கிளம்ப மறுத்தால் ஹேண்டில் போட்டுச் சுற்ற வேண்டும். முந்தைய தலைமுறை வைக்கோற்கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்து மாட்டுவண்டிக்கு இட்ட வண்டி மைக்கும் இந்தக் கிரீஸுக்கும் வேறுபாடு பெயரில்தான்.

நடுத்தர வகுப்பினர் முதன்முதலாகக் கார் வாங்கத் தொடங்கிய காலமும் இதுவே. ஆசிரியர்கள், மருத்துவர்கள், வங்கி அலுவலர்கள். ஓட்டுநர் வைக்க வசதியில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய லுங்கியைக் கட்டிக்கொண்டு பானட்டுக்குள் தலைவிட்ட தந்தையர் பலரை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அவருக்குப் பக்கத்தில் 12-13 ஸ்பேனரையும் 14-15 ஸ்பேனரையும் மாறி மாறி எடுத்துக் கொடுத்த சிறுவர்களாகவும் இருந்திருக்கிறோம்.

அந்தத் தேர்ச்சி உயிர் காக்கும் நிலை வந்த இடம் ஒன்றும் உண்டு. 1990-களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் பொருளாதாரத் தடை நிலவியபோது, பெட்ரோல் கிடைப்பது அரிதாயிற்று. மக்கள் பழைய மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் கார்களைத் தூசு தட்டி எடுத்தார்கள். சில துளி பெட்ரோலை விட்டு வண்டியைக் கிளப்பி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மின்னணுப் பெட்டி ஏதுமற்ற கிழ வண்டிகள் அவை. ஆகவே கையறிவுக்குக் கட்டுப்பட்டன. நோயாளியும் கர்ப்பிணியும் அவற்றில்தான் மருத்துவமனை சேர்ந்தார்கள். பழுது பார்க்கும் அறிவு பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

பூட்டப்பட்ட பானட்

மாருதி 800 கார் 1983 டிசம்பரில் வந்தது. அது அடிக்கடி கெட்டுப்போகவில்லை. வண்டியைத் திறந்து பார்க்கும் வழக்கம் குறையத் தொடங்கியதற்கு முதற் காரணம் சூழ்ச்சி அன்று. தரம்தான் என்பதை நேர்மையோடு ஒப்புக்கொள்ள வேண்டும். 2000-ஐ ஒட்டிப் புகை விதிகள் கடுமையானபோது கார்புரேட்டர் போய், கணினி எரிபொருளை அளந்து தெளிக்கும் முறை வந்தது. பாயிண்ட் மறைந்தது. நாடு முழுவதும் 2017-இல் பாரத் ஸ்டேஜ் 4, 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6. வண்டி தன் நோயைத் தானே அறிந்து குறியெண்ணாகச் சேமித்துக்கொள்ளும் ஓ.பி.டி. கருவி கட்டாயமாயிற்று. காற்று தூய்மையாயிற்று; பானட் இருண்டது. பானட்டைத் திறந்தாலும் கருப்புப் பிளாஸ்டிக் மூடி ஒன்றுதான் கண்ணுக்குத் தெரியும்.

குறியெண்ணைப் படிக்கும் கருவியும் அசல் உதிரிப் பாகமும் யாரிடம் இருக்கும்? இக்கேள்வி இந்தியாவில் வழக்காக வந்தது. 2011-இல் எழுந்த புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்டில் 14 கார் நிறுவனங்களின் மீது மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிப் பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் தனிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்தது போட்டிக்கு எதிரானது என்பதே தீர்ப்பின் சாரம். வெளிப் பட்டறையில் விட்டதற்காக மட்டுமே வாரண்டியை ரத்துசெய்வதையும் ஆணையம் ஏற்கவில்லை. மேல்முறையீடுகள் தொடர்ந்தன. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012-இல் மக்கள் வாக்களித்தே இவ்வுரிமையைப் பெற்றார்கள். இந்திய அரசு 2022 டிசம்பரில் ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கென ஓர் இணைய வாயிலைத் திறந்தது. ஔவை காலத்தில் எவரும் கேட்டுப் பெறத் தேவையில்லாத ஒன்றை, நாம் உரிமை என்று பெயரிட்டுப் போராடிப் பெறுகிறோம்.

எல்லைப் பகுதியின் முரண்

ஓசூர்–கிருஷ்ணகிரி வட்டாரத்தின் கதையில் ஒரு முரண் உண்டு. 1980-இல் அசோக் லேலண்ட் ஓசூரில் ஆலை திறந்தது. அதே ஆண்டு, அதே ஊரிலிருந்து டி.வி.எஸ். 50 வெளிவந்தது. பால்காரரும் காய்கறிக்காரரும் தாமே பிளக்கைத் துடைத்துக்கொண்டு ஓட்டிய எளிய வண்டி அது. 2021-இல் ஓசூரில் ஏதர் நிறுவனமும் பர்கூருக்கு அருகிலுள்ள போச்சம்பள்ளியில் ஓலா நிறுவனமும் மின் ஸ்கூட்டர்களைச் செய்யத் தொடங்கின. நாட்டிலேயே வண்டிகள் மிகுதியாகப் பிறக்கும் நிலப்பகுதிகளுள் இதுவும் ஒன்று. வண்டிகளை முழுதாக அறிந்தவர்கள் குறைந்துவரும் நிலப்பகுதியும் இதுதான்.

நமக்குக் குழாய் மாற்றிய முதியவரின் மகன் ஓசூரில் ஓர் ஆலையில் ஒப்பந்தப் பணி செய்கிறான். “ஒரே போல்ட்ட நாளெல்லாம் முடுக்கறான் சார். அந்தப் போல்ட்டு எதுக்குன்னு கேட்டா முழிக்கிறான். ஆனா மாசம் பொறந்தா சம்பளம் வந்துடுது” என்றார் அவர். குறை சொல்லும் தொனி இல்லை அதில். பட்டறையில் சேர மறுத்ததற்காக மகனை அவர் கடிந்ததும் இல்லையாம். பதின்மூன்று வயதில், சம்பளமின்றிச் சாப்பாட்டுக்கு மட்டும், டீசலில் உதிரிகளைக் கழுவத் தொடங்கிய வாழ்க்கை தம்முடையது. அது மகனுக்கு வேண்டாம் என்று நினைப்பதில் தவறென்ன? பட்டறையின் மறைவை எண்ணி உருகும் நம்மைப் போன்றோர், அந்தப் பட்டறைக்குள் அடிவாங்கிய சிறுவர்களையும் மறந்துவிடக் கூடாது.

ஆயினும் அவரோடு போகவிருப்பது சிறிய செல்வம் அன்று. கிழக்கே சென்னையின் புதுப்பேட்டையிலும் மேற்கே பெங்களூரின் ஜே.சி. சாலையிலும் எந்தக் கடையில் எந்தப் பாகம் கிடைக்கும் என்ற வரைபடம் அவர் தலைக்குள் இருக்கிறது. கிடைக்காத பாகத்தை லேத்தில் கடைந்து எடுக்கத் தெரியும். ஸ்க்ரூ டிரைவரின் முனையை இயந்திரத்தில் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்தி, எந்தப் பேரிங் முனகுகிறது என்று சொல்லிவிடுவார். இவற்றுள் எதுவும் எழுதப்படவில்லை. தமிழில் எழுத நாமும் முயலவில்லை. கார் பற்றிய சொற்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருப்பதற்குக் காரணம் மெக்கானிக் அல்லன். கையறிவை இலக்கியத்திற்கு அப்பாற்பட்டதாக எண்ணிய எழுத்தாளர்கள்.

எது நம் வேலை, எது தச்சன் வேலை

அப்படியானால் நாளையிலிருந்து எல்லோரும் ஸ்பேனர் எடுக்க வேண்டுமா? வேண்டாம். எண்ணெயை நாமே மாற்றினால் மிச்சமாகும் கூலி நம் ஊரில் பெரிதன்று. வடித்த பழைய எண்ணெயை என்ன செய்வது என்ற கேள்வியும் உண்டு. ஒரு கேலன் கழிவு எண்ணெய் பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்கவல்லது என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை. நம் சட்டமும் அதை அபாயக் கழிவாகவே கருதுகிறது. சாக்கடையில் ஊற்றிவிட்டுத் தன்னிறைவு பேசுவதில் பொருளில்லை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் படுப்பது உயிரோடு விளையாடுவது. பிரேக், ஏர்பேக், மின் வண்டியின் ஆரஞ்சு நிறக் கம்பிகள் ஆகியவை பயிற்சி பெற்ற கைகளுக்கே உரியவை. இவை தச்சன் வேலை.

உமணன் வேலையோ இன்றும் மிச்சமிருக்கிறது. வாரம் ஒருமுறை பானட்டைத் திறத்தல். இயந்திரம் ஆறியிருக்கும்போது கூலண்ட் அளவைப் பார்த்தல். டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மீண்டும் விட்டு, எண்ணெய்க் கோட்டைப் பார்த்தல். பிரேக் எண்ணெய்க் கலத்தை நோக்குதல். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால் ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றப்பட வேண்டியது என்று அறிந்திருத்தல். டயர்க் காற்றை அளத்தல். குவாரித் தூசி பறக்கும் பர்கூர் போன்ற ஊர்களில் காற்று வடிகட்டியை, கையேடு சொல்லும் தூரத்துக்கு முன்னரே கழற்றிப் பார்த்தல். ரப்பர்க் குழாய்களைக் கையால் அழுத்தி, வெடிப்பு உள்ளதா என்று தேடுதல். சக்கரம் மாற்றக் கற்றல். இத்தனைக்கும் வாரத்தில் பத்து நிமிடம் போதும். மின் வண்டிக்கு எஞ்சின் எண்ணெய் இல்லை. டயரும் பிரேக்கும் கூலண்டும் அதற்கும் உண்டு.

இதனால் பட்டறைக்காரரின் பிழைப்பு கெடும் என்று அஞ்சத் தேவையில்லை. தன் வண்டியை அறிந்தவனே நல்ல பட்டறையை இனங்காண முடியும். ஒன்றும் அறியாதவன் எல்லோரையும் ஐயுறுவான், அல்லது எல்லோரிடமும் ஏமாறுவான். அவனுக்குக் கண்ணாடிச் சுவரும் குளிரூட்டியும் காப்பியும் உள்ள இடமே நம்பகமானதாகத் தோன்றும். கையின் திறனை மதிப்பிட அவனிடம் அளவுகோல் இல்லை. பர்கூர் முதியவரின் பட்டறை வாழ வேண்டுமானால், அவர் செய்வது என்ன என்று புரிந்துகொள்ளும் வாடிக்கையாளர் சிலராவது வேண்டும்.

2020-ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. டயர் அழுத்தத்தை உணர்த்தும் கருவியும் டயரை ஒட்டும் பொருளும் இருந்தால், சிறிய பயணியர் வண்டிகள் ஸ்டெப்னி இல்லாமலே வரலாம் என்றது. இடம் மிச்சம், எடை மிச்சம். மின் வண்டியில் பேட்டரிக்கு இடமும் கிடைக்கும். காரணங்கள் சரியானவையே. ஆயினும் ஈராயிரம் ஆண்டுகளாக நம் வண்டிகளின் அடியில் கட்டப்பட்டிருந்த ஒன்று அவிழ்வதை நம்மால் காணாமல் இருக்க முடியவில்லை.

சென்ற மாதம் மீண்டும் பர்கூர் வழியே சென்றோம். பட்டறை இருந்தது. முதியவர் எழுந்து வந்தார். வண்டிக்கு ஒன்றுமில்லை, பார்த்துப் போகலாம் என்றுதான் நின்றோம் என்றதும் சிரித்தார். பானட்டைத் திறக்கச் சொன்னார். கூலண்ட் கோட்டையும் குழாய்களையும் பார்த்தார். பிறகு, நாம் துடைத்து வைத்திருந்த டிப்ஸ்டிக்கின் வளையத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

“இப்ப பாக்கறீங்க போல” என்றார்.